அன்றைக்கு நான் அங்கே இருந்திருந்தால்…

33 வருடம் வகுப்பறையில் வரலாறு நடத்தியவள் என்பதால், எனக்கு வரும் கேள்விகளில் பாதி 'அந்தக் காலத்தில்' என்றுதான் தொடங்கும். இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. வேறொரு காலத்தில் பிறந்திருந்தால் நாம் எப்படி நடந்துகொண்டிருப்போம்? அவற்றை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கேள்வி (ஒரு கல்லூரி மாணவர்): டீச்சர், வணக்கம். ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் பிறந்திருந்தால், யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருப்பேன் என்று நண்பர்களிடம் சொன்னேன். ஒருவன் மட்டும், 'நீயும் கூட்டத்தோடு கையைத் தூக்கியிருப்பாய்' என்றான். அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. எது உண்மையாக இருந்திருக்கும்?

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொன்னது நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உங்களைக் குறைத்து மதிப்பிட்டுச் சொல்லவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் பாடம் முடியும் நாளில் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, இதே கேள்விக்கு அரைப் பக்கம் எழுதச் சொல்வது என் வழக்கம். வருடா வருடம் ஒரே மாதிரிதான் வரும். பரணில் ஒளித்து வைத்திருப்பேன், நிலவறை தோண்டியிருப்பேன், கள்ளப் பாஸ்போர்ட் அடித்திருப்பேன். ஒரு வருடம் ஒரு பெண் மட்டும் நாலே வரி எழுதியிருந்தாள். 'எனக்குப் பயமாக இருந்திருக்கும். அப்பாவைக் கேட்டிருப்பேன். பேசாமல் இரு என்று சொல்லியிருப்பார். இருந்திருப்பேன்.' கடைசிச் சொல்லுக்கு முன்னால் வேறு ஏதோ எழுதி, ரப்பரால் அழுத்தித் தேய்த்ததில் தாளே கொஞ்சம் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பிலேயே அவள் ஒருத்திதான் அந்த இடத்துக்கு நிஜமாகப் போய் நின்று பார்த்திருக்கிறாள் என்று தோன்றியது. அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

போலந்தில் யூஸெஃபூவ் என்றொரு சிற்றூர். 1942 ஜூலை 13, விடியற்காலை. ஜெர்மனியின் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101 அங்கே லாரிகளிலிருந்து இறங்கி நிற்கிறது. ஏறத்தாழ 500 பேர். வெறியேறிய இளவட்டங்கள் இல்லை. பெரும்பாலும் ஹாம்பர்க் நகரத்துக்காரர்கள், நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவர், லாரி ஓட்டியவர், குமாஸ்தாவாக இருந்தவர். அவர்களுடைய தளபதி மேஜர் ட்ராப், ஐம்பதைத் தாண்டியவர். அன்றைய வேலை என்ன என்பதைச் சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது, கண் கலங்கியது. ஊரிலுள்ள யூதர்களில் வேலைக்கு ஆகும் ஆண்களைத் தனியே பிரித்துவிட்டு, மற்ற ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் சுட வேண்டும். சொல்லி முடித்து அவரே ஒரு வழியும் திறந்துவிட்டார்: உங்களில் வயதானவர்களில் யாருக்காவது இது முடியாது என்று பட்டால், விலகிக்கொள்ளலாம்.

ஒருவர் முன்னால் வந்தார். அவருடைய கேப்டன் அந்த இடத்திலேயே அவரைத் திட்ட ஆரம்பிக்க, ட்ராப் குறுக்கிட்டு நிறுத்தினார். அதைப் பார்த்த பிறகு இன்னும் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் வந்து துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அன்று இரவுக்குள் குறைந்தது 1,500 பேர் பக்கத்துக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாதியில் தாங்க முடியாமல் ஒதுங்கிப்போனவர்கள் சிலர் உண்டு. ஒதுங்கியதற்காக யாரையும் சிறையில் போடவில்லை, சுடவில்லை.

20 வருடம் கழித்து நடந்த விசாரணையில் இவர்களிடம் ஏன் என்று கேட்டார்கள். கோழை என்று கூட இருப்பவன் நினைத்துவிடுவானே என்று இருந்தது. என் பங்கை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது சரியாகப் படவில்லை. இப்படித்தான் பலருடைய பதில். ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்று நாம் சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்க்கிறோமே, அதே பழக்கம்தான் அந்தக் காட்டுக்குள்ளும் அவர்களைக் கூட்டிப்போயிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் தொடங்கிய சோதனைகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்சார அதிர்ச்சி கொடு என்று ஆய்வாளர் சொல்வார். அதிர்ச்சி நிஜமில்லை, அலறலும் நடிப்பு. ஆனால் பொத்தானை அழுத்துகிறவருக்கு அது சொல்லப்படவில்லை. கடைசிவரை யார் போவார்கள் என்று மனநல மருத்துவர்களிடம் முன்கூட்டிக் கேட்டபோது, ஆயிரத்தில் ஒருவர் போகலாம் என்றார்கள். நடந்தது, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். சிலர் இது நாடகம் என்று உள்ளுக்குள் சந்தேகித்திருக்கிறார்கள் என்ற விமர்சனம் பின்னால் வந்தது, அதையும் ஒதுக்க முடியாது. ஆனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தது இதே சோதனையின் வேறொரு சுற்றை. அதில் கூட உட்கார்ந்திருந்த இரண்டு பேர், ஏற்கெனவே பேசிவைத்தபடி, 'இனி நான் செய்யமாட்டேன்' என்று பாதியில் எழுந்துவிட்டார்கள். அப்போது கடைசிவரை போனவர்கள் 40இல் 4 பேர்தான்.

அதனால் தம்பி, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களை அப்படிச் சொன்ன நண்பரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்படி ஒருத்தன் பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம்.

கேள்வி (ஒரு வாசகி): எந்தக் காலத்தில் பிறந்திருக்க ஆசைப்பட்டிருப்பீர்கள்?

பதில்: இந்தக் காலத்தில்தான் அம்மா. வரலாற்றில் எந்த நூற்றாண்டைத் திறந்தாலும், பெரும்பாலான ஊர்களில் என்னைப் போன்ற ஒரு பெண்ணுக்கு எழுத்தே சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். அது அநியாயம் என்று எனக்கே தோன்றாமல்கூடப் போயிருக்கலாம். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

கேள்வி (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்): அந்தக் காலத்து மனிதர்களை இன்றைய அளவுகோலால் அளப்பது எந்த ஊர் நியாயம்? அடிமை முறை தப்பு என்று அன்றைக்கு யாருக்குமே தெரியாதே. நாம் அன்று பிறந்திருந்தால் நாமும்தானே அதைச் சரி என்றிருப்போம்?

பதில்: ஐயா, உங்கள் கடைசி வாக்கியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கு முந்தைய வாக்கியத்தோடுதான். 'யாருக்குமே தெரியாது' என்கிறீர்கள். அந்த 'யாருக்கும்' என்ற சொல்லுக்குள் அடிமையாக இருந்தவரைச் சேர்த்தீர்களா? கால் விலங்கு போட்டவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். போடப்பட்டவருக்கு முதல் நாளே தெரியும்.

அவர்களை விட்டுவிடுங்கள், எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்களையே எடுத்துக்கொள்வோம். சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் வாதாடினார். அதே இடத்திலேயே, அடிமைத்தனம் இயற்கையில் இல்லை, அது வெறும் சட்டம், பலாத்காரத்தால் வந்தது, ஆகவே அநீதி என்று சிலர் சொல்கிறார்கள் என்றும் குறித்து வைத்திருக்கிறார். 2,300 வருடத்துக்கு முந்தைய கிரேக்கத்திலேயே அந்தக் குரல் இருந்திருக்கிறது. அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் ஒரு மனு எழுதினார்கள். உங்களை இப்படிப் பிடித்து விற்றால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா என்பதுதான் அதன் சாரம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தங்கள் சபைக்கு அனுப்பினார்கள். சபையில் யாரும் அந்த மனுவைத் தப்பு என்று சொல்லவில்லை. இது பாரமான விஷயம், நாங்கள் முடிவெடுக்க முடியாது என்று மேல்சபைக்குத் தள்ளினார்கள். மேல்சபை அதற்கும் மேலே தள்ளியது. அங்கே கிடப்பில் போட்டார்கள். அந்தப் பகுதிக் குவேக்கர்கள், அடிமை வைத்திருப்பவர் எங்கள் சபையில் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தது 1776இல். நடுவில் 88 வருடம். 'தெரியாது' என்பதற்கும் 'இப்போது வேண்டாம்' என்பதற்கும் நடுவில் எத்தனை பேர் பிறந்து, விற்கப்பட்டு, செத்திருப்பார்கள்!

அதே 1776இல், மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், தன் ஆயுளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தவர். விடுதலை கொடுத்தது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான். அதே வர்ஜீனியாவில், அதே செல்வந்தக் கூட்டத்தில் ராபர்ட் கார்ட்டர் என்றொருவர், தன்னிடம் இருந்த 450க்கும் மேற்பட்டவர்களைப் படிப்படியாக விடுவிப்பதாக 1791இல் பத்திரம் பதிவு செய்தார். ஒரே காலம், ஒரே மண், ஒரே வசதி. காலத்தின் மேல் பழியைப் போட்டால் கார்ட்டரை எங்கே வைப்பது?

ஆனாலும் ஐயா, உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதற்கு ஜான் நியூட்டனைச் சொல்ல வேண்டும். உலகமெங்கும் தேவாலயங்களில் பாடப்படும் ஒரு பாடலை எழுதியவர். 1748இல் கடலில் ஒரு புயலில் மாட்டித் தப்பியபோது கடவுளிடம் திரும்பியதாகச் சொன்னவர். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாகவே ஆனார்! 1750 முதல் 1754 வரை மூன்று பயணம். மேல்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளுக்குப் பிரார்த்தனை நடத்துவார். கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள். அதை விட்டது மனசாட்சியால் இல்லை, உடம்பு முடியாமல் போனதால். 34 வருடம் கழித்து, 1788இல்தான் அந்த வியாபாரத்துக்கு எதிராக வாய் திறந்து எழுதினார். அந்தத் தொழிலில் இருந்த காலத்தில் அது நியாயமா என்ற சந்தேகமே தனக்கு வந்ததில்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். நான் அவரை நம்புகிறேன். பொய் சொல்ல நினைத்திருந்தால், உள்ளுக்குள் உறுத்திக்கொண்டேதான் இருந்தது என்று எழுதியிருப்பார். கேட்பவர்களுக்கும் அதுதான் பிடித்திருக்கும்.

நல்லவராக வாழ்ந்துகொண்டே, தினமும் ஜெபித்துக்கொண்டே, காலுக்குக் கீழே நாலு அடியில் இருக்கும் அழுகையைக் கேட்காமல் இருக்க முடியும். காலம் செய்யும் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். அது காதை மந்தமாக்கும், கேட்கிறவர்களைக் குறைக்கும். கேட்கவே முடியாதபடி முழுக்க அடைத்துவிட எந்தக் காலத்தாலும் முடிந்ததில்லை. நாமும் அன்று அந்தக் கப்பலில் இருந்திருந்தால் மேல்தளத்தில்தான் ஜெபித்துக்கொண்டிருந்திருப்போம் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அதனால் அது தப்பில்லை என்று ஆகிவிடாது.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாத வாசகி): என் தாத்தா காலமாகிப் பல வருடம் ஆகிறது. சிறைக் காவலராக இருந்தவர். பழைய பெட்டியில் அவர் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. கைதிகளை அடித்ததைச் சாதாரண வேலைபோல எழுதியிருக்கிறார். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அந்தக் கடிதங்களை எரித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: எரிக்காதீர்கள் அம்மா.

மேலே சொன்ன மேஜர் ட்ராப்பை அவருடைய ஆட்கள் 'பாப்பா ட்ராப்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஜெர்மன் மொழியில் பாப்பா என்றால் அப்பா. அப்பா மாதிரி பார்த்துக்கொண்டவர். அன்றைக்கு அழுதார் என்பதும் உண்மை, உத்தரவை நிறைவேற்றினார் என்பதும் உண்மை. போருக்குப் பிறகு 1948இல் போலந்தில் அவருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். அவர் அழுததைச் சொன்னவர்கள் அவருடைய ஆட்கள்தான். அந்த அழுகையால் ஒரு குழந்தையும் பிழைக்கவில்லை.

உங்கள் தாத்தாவை நீங்கள் நேசிக்கலாம், அவர் செய்தது கொடுமை என்றும் சொல்லலாம். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் கேட்காதீர்கள். அந்தக் கடிதங்களில் அடிபட்டவர்களின் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வேறு எங்குமே அந்தப் பெயர்கள் எழுதப்பட்டிருக்காமல் போகலாம்.

கேள்வி (ஒரு பள்ளி ஆசிரியர்): மறுத்தவர்களும் இருந்தார்கள் இல்லையா? அவர்கள் மட்டும் எப்படி மறுத்தார்கள்? பிறவிக் குணமா?

பதில்: பிறவிக் குணம் என்று நான் நம்பவில்லை. நான் படித்தவரையில், அவர்களில் பலர் வீரர்களாகக் கிளம்பியவர்களே இல்லை.

தாமஸ் கிளார்க்சன், 25 வயது கேம்பிரிட்ஜ் மாணவர். 1785இல் லத்தீன் கட்டுரைப் போட்டி. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது நியாயமா என்பது தலைப்பு. பரிசு வாங்கத்தான் படித்தார், வாங்கியும்விட்டார். பிறகு லண்டனுக்குக் குதிரையில் போகும்போது, தான் எழுதியதே தன்னைத் துரத்த ஆரம்பித்தது. வேட்ஸ்மில் என்ற ஊர் அருகே குதிரையை விட்டு இறங்கி, கடிவாளத்தைக் கையில் பிடித்தபடி சாலையோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். இதெல்லாம் உண்மை என்றால், யாராவது ஒருவர் இதற்கு முடிவு கட்டியாக வேண்டுமே என்ற எண்ணம் அங்கேதான் வந்ததாக எழுதியிருக்கிறார். அந்த 'யாராவது' தானாகவே இருக்கலாம் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. ஏற்றுக்கொண்ட பிறகு துறைமுகம் துறைமுகமாகப் போய் மாலுமிகளைக் கேட்டார், விலங்குகளையும் கட்டைவிரல் நெருக்கிகளையும் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்து மேசைமேல் வைத்துக் காட்டினார். அந்த இயக்கம் வளர்ந்து, 1791-92இல் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வீட்டில் சேர்க்காமல் ஒதுக்கியவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்பது அவருடைய கணக்கு. ஓட்டுரிமையே இல்லாத பெண்கள் அதை முன்னின்று செய்தார்கள். பிரிட்டன் 1807இல் அடிமை வியாபாரத்தை நிறுத்தியது. அதன் பிறகு 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, எஜமானர்களுக்கு! விடுதலையானவர்களுக்கு ஒரு காசு இல்லை. இதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வரும், இப்போதும் வருகிறது.

எனக்கு நெருக்கமானவர் சுவிட்சர்லாந்தின் பவுல் க்ரூனிங்கர். செயின்ட் காலன் பகுதிப் போலீஸ் தலைவர். 1938 ஆகஸ்டில் அந்த நாடு யூத அகதிகளுக்கு எல்லையை மூடியது. அதற்கு முன் வந்தவர்கள் இருக்கலாம், பின் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பது எதிரே நிற்பவர் முகத்திலேயே தெரிந்தது. க்ரூனிங்கர் துப்பாக்கி எடுக்கவில்லை, மேடை ஏறவில்லை. படிவத்தில் வந்த தேதியை முன்தேதியிட்டு எழுதினார். பேனாவால் ஒரு எண்ணை மாற்றினார். அப்படியே நூற்றுக்கணக்கானோர் உள்ளே வந்தார்கள். 1939இல் வேலை போனது, 1940இல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. வறுமையிலேயே 1972இல் இறந்தார். தீர்ப்பை ரத்து செய்தது 1995இல்.

இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். கிளார்க்சன் மாலுமியிடம் போய்க் கேட்டார். க்ரூனிங்கர் எதிரே நின்றவர்களை நேரில் பார்த்தார், அவர்கள் சொன்னதைக் கேட்டார். நேரில் கண்டவர்களையும் பாதிக்கப்பட்டவர்களையும் கேட்டதில்தான் மறுப்புக்கு உறுதி வந்திருக்கிறது. தென் பிரான்சின் லெ ஷாம்போன் மலைக்கிராமத்தார் ஆயிரக்கணக்கில் அகதிகளை ஒளித்துவைத்தபோது, கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அவர்களில் பலர் மதத்துக்காக வேட்டையாடப்பட்ட ஹூகனாட்டுகள் என்ற பிரெஞ்சு புராட்டஸ்டன்டுகளின் வாரிசுகள். கதவைத் தட்டியவரின் கதை அவர்கள் வீட்டுக் கதையாகவே இருந்தது.

கேள்வி (ஒரு பொறியாளர்): 200 வருடம் கழித்து வருபவர்கள் நம்மைப் பார்த்து, 'இதைக்கூடவா செய்தார்கள்' என்று எதைச் சொல்லுவார்கள்?

பதில்: பட்டியல் போடச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். விலங்குகளைத் தொழிற்சாலைப் பொருள்போல வளர்ப்பதைச் சொல்வார்கள் என்பது என் எண்ணம். வயதானவர்களை நாம் தனியே விடுவதையும் சொல்லலாம். ஆனால் பட்டியலை விட எனக்குப் பயம் தருவது பார்த்தொலோமே தெ லாஸ் காஸாஸின் கதை.

1502இல் ஸ்பானியர்களோடு ஹிஸ்பானியோலா தீவுக்குப் போனவர். பூர்வகுடி மக்களை வேலைக்குப் பிடித்து வைத்திருந்தவர். 1511இல் மொன்டெசினோஸ் என்ற துறவி பிரசங்க மேடையிலிருந்து, இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று அந்தத் தீவின் ஸ்பானியர்களைப் பார்த்து இடித்துக் கேட்டார். ஊரே கொதித்தது. லாஸ் காஸாஸ் அதற்குப் பிறகும் மூன்று வருடம் பிடித்த பிடியை விடவில்லை. 1514இல்தான் கண் திறந்தது. எல்லாரையும் விடுவித்தார், மீதி வாழ்நாள் முழுக்க அந்த மக்களுக்காக அரசரிடம் போராடினார். இத்தனை நல்ல மனிதர், பூர்வகுடிகளின் சுமையைக் குறைக்க என்ன யோசனை சொன்னார் தெரியுமா? ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று! அதுவும் அதே அநியாயம்தான் என்று பிற்காலத்தில் மனம் நொந்து எழுதினார். ஒரு பக்கம் கண் திறந்த மனிதருக்கே இன்னொரு பக்கம் அவ்வளவு இருட்டு.

நம் இருட்டு எங்கே என்று கண்டுபிடிக்க எதிர்காலத்துக்குப் போக வேண்டியதில்லை. 2013 ஏப்ரல் 23. பங்களாதேஷில் டாக்காவுக்கு அருகே சாவர் என்ற ஊரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தின் சுவரில் விரிசல் விட்டது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த தையல் தொழிலாளர்கள் மறுநாள் காலையில் உள்ளே போகப் பயந்தார்கள், வாய்விட்டுச் சொன்னார்கள். சம்பளத்தைப் பிடிப்போம் என்று மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். அன்று காலை கட்டடம் சரிந்து 1,134 பேர் இறந்தார்கள். அவர்கள் தைத்த உடைகளை உலகமெங்கும் பெட்டியில் மடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர்கள் கெட்டவர்கள் இல்லை, நீங்களும் நானும் போன்றவர்கள். விரிசல் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். சொன்னவர்களும் இருந்தார்கள்.

கேள்வி (அதே கல்லூரி மாணவர், இரண்டாவது கடிதத்தில்): எல்லாருக்கும் சொல்கிறீர்கள் டீச்சர். நீங்கள் அந்த யூஸெஃபூவில் நின்றிருந்தால்?

பதில்: முதல் கேள்விக்கான பதிலை உங்களுக்குத் தனியே அனுப்பியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டது சரி.

நான் முன்னால் வந்திருக்க மாட்டேன். இதை ஊகமாகச் சொல்லவில்லை.

பல வருடம் முன்னால், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தேர்வுக் கட்டணப் பணம் கணக்கில் குறைந்தது. அலுவலக உதவியாளர் ஒருவர் மேல் சந்தேகம் விழுந்தது. எனக்கு எட்டு வருடம் பழக்கமானவர். திருத்திய நோட்டுக்கட்டை நான் மாடிக்குத் தூக்கிப்போக ஒருநாளும் விட்டதில்லை. பாதி வழியில் வந்து வாங்கிக்கொள்வார். அவரை நீக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து நிர்வாகத்துக்குக் கொடுக்க ஒரு கடிதம் தயாரானது. மதிய இடைவேளையில் ஓய்வறைக்கு வந்தது. வருகைப் பதிவேட்டின் மேல் ஒரு முழுத்தாள், அதன் நடுவில் ஒரு நீலப் பேனா. நான் ஒன்பதாம் வகுப்பு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி ஆசிரியை கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் நகர்த்தினார். எனக்கு மேலே பதினொரு கையெழுத்து. சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு நீலப் பேனாவை எடுத்தேன். பன்னிரண்டாவதாகப் போட்டேன். மை காய்வதற்குள் அடுத்தவரிடம் தள்ளியதில், என் பெயரின் கடைசி எழுத்து இழுபட்டுப்போனது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மறுத்திருந்தால் என் வேலை போயிருக்காது. இரண்டு நாள் யாராவது முகம் திருப்பியிருப்பார்கள், அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் பணம் கிடைத்தது. வேறொரு ரசீதுப் புத்தகத்துக் கணக்கில் தவறிச் சேர்ந்திருந்தது. அதற்குள் அவர் போய்விட்டார். கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த மூன்று வாரத்தில், நீங்கள் எடுத்தீர்களா என்று அவரை ஒரு வார்த்தை கேட்டவர்கூட எங்களில் இல்லை.

ஒரு வருடம் போல ஆகியிருக்கும். சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். கையில் நோட்டுக்கட்டோடு நின்ற எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவரே பக்கத்தில் வந்தார். குரலில் கோபம் இல்லை.

"டீச்சர், அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு நீங்களாவது படிச்சீங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். என் பேருந்து வந்தது. கூட்டத்தில் நான் ஏற முடியாமல் நிற்பதைப் பார்த்து, என் கையிலிருந்த நோட்டுக்கட்டை வாங்கிக்கொண்டார். நான் ஏறியதும் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தார்.